எல்லைக்கோடு மேலே, துளை கீழே: காவிரிப் படுகையும் ஷேல் எரிவாயுவும்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, கொளக்காநத்தம் பக்கமாகப் போனால், மழை அறுத்துப்போட்ட களிமண் மேடுகளும் பள்ளங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சோடிக் கிடக்கும். புல் பூண்டு அதிகமில்லை. வெயிலில் ஜிப்சத் தகடுகள் மின்னும். குனிந்து தேடினால் பெலம்னைட், அம்மோனைட் போன்ற பழங்கடல் உயிர்களின் கல்லெச்சங்கள் கையில் அகப்படும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறு இது. ஏறக்குறைய அதே காலத்துச் சேறு கிழக்கே போகப் போகச் சரிந்து இறங்கி, கொள்ளிடத்தைத் தாண்டி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் கிடக்கிறது. மேலே குவிந்த படிவங்களின் பாரத்தில் இறுகி, பூமியின் சூட்டில் வெந்து, அங்கே அது ஷேல் பாறையாகிவிட்டது. புவியியலாளர்கள் அதற்குச் சாத்தப்பாடி ஷேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே, அதைவிடப் பழைய ஆண்டிமடம் படிவம் இருக்கிறது. காவிரிப் படுகையில் ஷேல் எரிவாயு இருக்கக்கூடும் என்று சொல்லும் அறிக்கைகள் இந்த இரண்டு அடுக்குகளைத்தான் சுட்டுகின்றன.

டெல்டாவில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது புதிதல்ல. நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் என்று ஓஎன்ஜிசி கிணறுகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993 முதல் சுத்திகரிப்பு ஆலையும் இருந்தது. நடவு வயலின் நடுவே வேலி போட்ட ஒரு துண்டு நிலம், அதற்குள் வால்வுகள் பூட்டிய ஆளுயர இரும்புத் தூண், தொலைவில் எரிந்துகொண்டிருக்கும் வாயுச் சுடர் ஆகியவை திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த காட்சிகள். ஆனால் அந்தக் கிணறுகள் எடுப்பது வேறு வகை வாயு. அது ஷேலில் உருவாகி, மெல்ல மெல்ல வெளியேறி, மணற்பாறைகளின் நுண்துளைகளில் வந்து தங்கியது. அங்கே செங்குத்தாக ஒரு துளை போட்டால் போதும். வாயு தன் அழுத்தத்தாலேயே கிணற்றை நோக்கி வரும். வெளியேறாமல் தாய்ப்பாறையிலேயே சிக்கிக்கொண்ட மிச்சம்தான் ஷேல் எரிவாயு. ஷேலின் துளைகள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று சேராதவை. சாதாரணக் கிணறு தோண்டிவிட்டுக் காத்திருந்தால் எதுவும் வராது.

அதனால்தான் கிடைமட்டத் துளைப்பு தேவைப்படுகிறது. ஷேல் அடுக்கின் கனம் சில பத்து மீட்டர்களிலிருந்து சில நூறு மீட்டர்வரை இருக்கும். செங்குத்துத் துளை அதைக் குறுக்கே கடந்துவிடுகிறது. அவ்வளவுதான் அதற்குப் பாறையோடு தொடர்பு. கிடைமட்ட முறையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நேராக இறங்கிய துளையை மெதுவாக வளைக்கிறார்கள். துளைமுனைக்குச் சற்றுப் பின்னால் சிறு கோணத்தில் வளைந்த ஒரு மோட்டார் இருக்கும். மேலிருந்து செலுத்தும் சேற்றுக் குழம்பின் ஓட்டத்தால் அது சுழலும். முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தப் பாறைக்குள் நிற்கிறது என்பதைக் கருவிகள் அந்தச் சேற்றின் அழுத்தத் துடிப்புகளாகவே மேலே அனுப்பும். சில நூறு மீட்டரில் துளை முழுதாகப் படுத்துவிடும். பிறகு அடுக்குக்குள்ளேயே ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல், அது போய்க்கொண்டிருக்கும். இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்ட் நிரப்பி, கடைசி முனையிலிருந்து பகுதி பகுதியாகச் சிறு வெடிகளால் குழாயைத் துளைத்து, மணலும் இரசாயனங்களும் கலந்த நீரைப் பெரும் அழுத்தத்தில் உள்ளே அடிக்கிறார்கள். பாறை விரிசல் விடும். அழுத்தம் குறையும்போது விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கும். அந்த வழியாக வாயு கசிந்து வரும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பார்னெட் ஷேலில், ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டு விடாமல் முயன்று 1990களின் கடைசியில் மலிவான விரிசல் முறையைக் கண்டது. 2002இல் அந்த நிறுவனத்தை வாங்கிய டெவன் நிறுவனம் அதோடு கிடைமட்டத் துளைப்பைச் சேர்த்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஷேல் எரிவாயு பெருகியதை உலகமே அறியும். நம் ஊர் விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி மட்டும் இங்கே அவசியம். ஷேல் கிணறு சீக்கிரம் ஓய்ந்துவிடும். முதல் ஆண்டிலேயே அதன் உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடுவது வழக்கம். உற்பத்தி குறையாமல் இருக்க வேண்டுமானால் ஓயாமல் புதுக் கிணறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் 13,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பார்னெட் ஷேலில் 2012 வாக்கில் 15,000க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பரப்பு, அதாவது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பரப்பு, சேர்ந்தே 8,300 சதுர கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நரிமணம் கிணறுகளை வைத்து இதை மனக்கண்ணில் பார்க்க முடியாது.

இவ்வளவும் எதற்காக? அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் வெளியிட்ட மதிப்பீடு, இந்தியாவில் எடுக்கத்தக்க ஷேல் எரிவாயு 96 டிரில்லியன் கன அடி என்றது. காம்பே, கிருஷ்ணா–கோதாவரி, காவிரி, தாமோதர் என்ற நான்கு படுகைகளின் கணக்கு அது. அதில் காவிரியின் பங்கு சுமார் 5 டிரில்லியன். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் காம்பே, கிருஷ்ணா–கோதாவரி, காவிரி மூன்றுக்கும் சேர்த்தே 6.1 டிரில்லியன் கன அடிதான் என்று மதிப்பிட்டிருந்தது. ஒரே நாட்டின் இரண்டு அரசு நிறுவனங்களுக்குள் இவ்வளவு இடைவெளி. பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும், காவிரியின் 5 டிரில்லியன் கன அடி இந்தியா முழுமைக்கும் இன்றைய நுகர்வில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குத்தான் காணும். எதிர்த் தட்டில் வைக்கப்படுவது தலைமுறை தலைமுறையாக நெல் தரும் பூமி.

படுகையின் அமைப்பும் சாதகமானதல்ல. கோண்டுவானா கண்டம் பிளந்தபோது உருவான பிளவுப் படுகை இது. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று தனித்தனிப் பள்ளங்களாகப் பிரிந்து, இடையே மேடுகளும் பிளவுக்கோடுகளுமாகக் கிடக்கிறது. கிடைமட்டத் துளைப்புக்கு நீண்டு பரந்த, உடையாத அடுக்கு வேண்டும். பிளவுகள் உள்ள பாறையில் நீரை அழுத்தினால் என்ன ஆகலாம் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி: லங்காஷயரில் பிரெஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவு நிலநடுக்கம் பதிவானது. அந்த நவம்பரிலேயே அரசு விரிசல் முறைக்குத் தடை விதித்தது. பிரான்ஸ் 2011இலேயே தடுத்துவிட்டது.

இந்தியாவில் 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே இச்சாபூரில் ஓஎன்ஜிசி முதன்முதலாக ஷேல் வாயுவைக் கண்டது. 2013 அக்டோபரில் ஒன்றிய அரசு கொள்கை வகுத்து, பொதுத்துறை நிறுவனங்கள் தங்களிடம் ஏற்கெனவே உள்ள குத்தகைப் பகுதிகளுக்குள்ளேயே ஷேலைத் தேடலாம் என்றது. முதற்கட்டத்தில் ஓஎன்ஜிசிக்குக் கிடைத்த 50 பகுதிகளில் 9 காவிரிப் படுகையைச் சேர்ந்தவை. 2016இல் வந்த புதிய உரிமக் கொள்கை, மரபான எண்ணெய், ஷேல், நிலக்கரிப் படுகை மீத்தேன் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றாக்கியது. 2018 ஆகஸ்டில் பழைய ஒப்பந்தக்காரர்களுக்கும் அந்த வாசல் திறந்தது. 2020 ஜனவரி 16 அன்று வந்த அறிவிக்கை, ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது. வணிக அளவில் ஷேல் எரிவாயு உற்பத்தி இந்தியாவில் எங்கும் தொடங்கவில்லை. ஆனால் சட்டத்தின் பாதை படிப்படியாகச் செப்பனிடப்பட்டுவிட்டது.

டெல்டா மக்களின் எதிர்ப்பு ஷேலை முன்னிட்டு எழுந்ததல்ல. 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மன்னார்குடியைச் சுற்றிய 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் ஆனது. ஊர் ஊராக எதிர்ப்பு மூண்டது. அந்தப் பரப்புரையில் இருந்தபோதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வார் காலமானார். தமிழக அரசு நிபுணர் குழு அமைத்து, 2015 அக்டோபரில் திட்டத்தை நிராகரித்தது. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிளம்பியது. இந்தப் போராட்டங்கள் இல்லாவிட்டால், 2020இல் சட்டமான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று இன்று பேசுவதற்கு ஒன்று இருந்திருக்காது.

ஆனாலும் மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஷேல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதில் ஒரு குழப்பம் நேர்ந்திருக்கிறது. நிலக்கரிப் படுகையில் மீத்தேனைப் பிடித்துவைத்திருப்பது நீரின் அழுத்தம். அந்த நீரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறைத்து வெளியேற்றினால்தான் வாயு விடுபடும். மன்னார்குடியில் நிலத்தடி நீர் வற்றும், கடல்நீர் உள்ளே ஏறும் என்று எழுந்த அச்சத்துக்கு அது நேரடிக் காரணம். ஷேலில் நடப்பது இதற்கு எதிர்மாறு. மேலிருந்து நீரை உள்ளே செலுத்துகிறார்கள். ஒன்றுக்கான வாதத்தை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துப் பேசினால், எதிரே அமர்ந்திருக்கும் பொறியாளர் ஒரே வாக்கியத்தில் அதைத் தள்ளிவிடுவார்.

நீரின் அளவைப் பார்ப்போம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி ஒரு கிடைமட்டக் கிணற்றில் விரிசல் போட சுமார் 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர்வரை செலவாகிறது. 2 கோடி லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. ஆக ஒரு கிணற்றுக்கான நீர் நாலு ஏக்கர் நெல்லுக்கான நீர். ஒரு டிஎம்சியில் 1,400 கிணறுகளுக்கு விரிசல் போட்டுவிடலாம். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஷேல் கிணறு காவிரியைக் குடித்துவிடும் என்று மேடையில் சொல்வது கணக்குக்கு நிற்காது.

அளவைவிடக் காலம் பெரிய சிக்கல். சம்பா அறுத்து, உளுந்து பயறும் எடுத்துவிட்டால், நிலம் காய்ந்து லாரி ஏறத்தக்கதாக இருப்பது கோடையில் மட்டுமே. அப்போது ஆற்றில் மணல்தான் இருக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணை தாண்டி வந்தாக வேண்டும். ஆகவே நீர் நிலத்தடியிலிருந்தே வர வேண்டும். குறுவைக்கு நாற்று விடுகிற விவசாயி பில்ட்டர் பாயிண்ட்டையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருக்கும் அதே வாரங்கள் அவை. ஆற்றில் நீர் ஓடும் மாதங்களிலோ வயலில் நடவு இருக்கும். ரிக் நிற்க இடம் இராது.

அதையும் தாண்டினால் திரும்பி வரும் நீர் இருக்கிறது. உள்ளே செலுத்தியதில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதிவரை மேலே வந்துவிடும். வரும்போது இரசாயனங்களோடு பாறையின் உப்பையும் பேரியம், ரேடியம் போன்றவற்றையும் சுமந்து வரும். சில ஷேல்களில் அந்த நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. நெல் உப்புக்கு நோஞ்சான் பயிர். மண் கரைசலின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கடல்நீரில் அது 50ஐ ஒட்டி இருக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து விவசாயிக்கு உப்பு ஏறிய வயல் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டெக்சாஸில் அந்த நீரைத் திறந்த குட்டையில் தேக்கினார்கள், ஆழ்கிணற்றில் மறுபடி செலுத்தினார்கள். மறுசெலுத்தலின் விளைவாக ஓக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகின; 2016 செப்டம்பரில் பாவ்னி அருகே 5.8 அளவு நடுக்கம் வந்தது. இங்கே குட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. டெல்டா ஏறத்தாழச் சமதளம். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து மடை. அதற்குப் பிறகு வயலுக்கு வயல் வரப்பை வெட்டிவிட்டுப் பாய்ச்சுவதுதான். மேல்வயலின் வடிநீர் கீழ்வயலின் பாசனம். ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்காலாகும் இடங்கள் எத்தனையோ. மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் விழும் எதுவும் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போய்ச் சேரும். வடகிழக்குப் பருவமழையில் நாகை, திருவாரூர் வயல்கள் வரப்பு தெரியாமல் ஒரே வெள்ளக்காடாகும் நாட்கள் ஆண்டு தவறாமல் வருகின்றன. அந்த நாட்களில் எந்தக் குட்டையின் கரையும் வெள்ளத்தில் மறைந்துவிடும். உப்புநீரை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோனாலும், ஒரு கிணற்றுக்குக் கனரக லாரி நடைகள் ஆயிரத்தைத் தாண்டும் என்பது அமெரிக்க அனுபவம். குத்தாலத்திலிருந்து உள்ளூருக்குப் போகும் சாலைகளின் அகலத்தையும் வாய்க்கால் பாலங்களையும் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசியின் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் எண்ணெய் பரவியது. மாவட்ட ஆட்சியர் வர வேண்டும் என்று மக்கள் கூடினார்கள், தடியடி நடந்தது, பேராசிரியர் த. ஜெயராமன் உட்படப் பலர் கைதானார்கள். அங்கே உடைந்தது மரபான கிணற்றின் சாதாரணக் குழாய். அடியாழத்துப் பாறையின் விரிசல் மூன்று கிலோமீட்டர் மேலேறி வந்து கிணற்று நீரைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. குழாயைச் சுற்றிய சிமெண்ட் விட்டுப்போவது, தரையில் சிந்துவது, கழிவுநீர் கைமாறும்போது தவறுவது ஆகியவை குடிநீரைக் கெடுக்கும் முக்கிய வழிகள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2016 அறிக்கை காட்டுகிறது. இவை பெரும்பாலும் தரையிலும் தரையை ஒட்டியும் நடப்பவை. ஒரு வயலின் நீர் அந்த வயலோடு நிற்காத நாட்டில், நூற்றுக்கணக்கான கிணற்று மேடைகள் வந்தால் இந்தச் சாதாரணத் தவறுகளே போதும்.

ஒரே மேடையிலிருந்து பல திசைகளில் பத்து, பதினைந்து கிடைத்துளைகள் போடலாம், அதனால் மேலே நிலம் குறைவாகத்தான் போகும் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதே உண்மைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மேடை நிற்கும் வயல்காரருக்கு வாடகை கிடைக்கும். துளை எவருடைய நிலத்துக்கு அடியில் போகிறதோ அவர்களுக்கு எதுவும் கிடையாது, கேட்கும் வழியும் கிடையாது. டெக்சாஸ் விவசாயி தன் நிலத்துக்கு அடியில் உள்ள கனிமத்துக்கும் பெரும்பாலும் உரிமையாளர்; வருவாயில் எட்டில் ஒரு பங்கு உரிமைத்தொகை அங்கே பழைய வழக்கம். அவர் கையெழுத்துப் போடாமல் துளையைக் கொண்டுபோவது எளிதல்ல. இங்கே நிலத்தடி எண்ணெயும் வாயுவும் அரசுடையவை. அவற்றின் மீது சட்டம் இயற்றுவது ஒன்றியப் பட்டியலின் 53ஆம் பதிவு. 2025இல் எண்ணெய் வயல்கள் சட்டம் திருத்தப்பட்டபோது ஷேல் எரிவாயுவும் வரையறைக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. பட்டாவில் எழுதியிருப்பது மேற்பரப்பு மட்டுமே.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை இந்த இடத்தில்தான் கூர்ந்து படிக்க வேண்டும். எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆகியவற்றைத் தேடுவது, துளைப்பது, எடுப்பது எல்லாம் மண்டலத்துக்குள் தடை. ஷேலைப் பெயர் சொல்லித் தடுத்த சட்டம் என்ற வகையில் அது பெரிய வெற்றி; அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை. 2013 கொள்கையோ ஷேலைப் பழைய குத்தகைகளுக்குள்தான் தேடச் சொன்னது. பழைய கிணற்றைப் பழுதுபார்ப்பது எங்கே முடிகிறது, அதே கிணற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் புதுத் துளை போடுவது எங்கே தொடங்குகிறது என்பதை வெளியில் நிற்கும் கிராம நிர்வாக அலுவலரால் கண்டறிய முடியாது. மேலே அதே வேலி, அதே மேடைதான் தெரியும்.

இரண்டாவது ஓட்டை எல்லையில் இருக்கிறது. சட்டத்துக்கு முன் அன்றைய முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்பில் இருந்த அரியலூர், திருச்சி, கரூர் மாவட்டங்கள் சட்டம் நிறைவேறியபோது பட்டியலில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுமையாகவும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் ஐந்தைந்து ஒன்றியங்களும் மட்டுமே இடம்பெற்றன. 2023இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகியவற்றோடு அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் வந்தபோது இந்த விடுபடல் எல்லோர் கண்ணிலும் பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு மூன்றும் நீக்கப்பட்டன. நிலக்கரியையாவது இருக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும். கிடைமட்டத் துளைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரியலூர்–புதுச்சேரி உட்படுகை கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஆற்றின் அகலம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டரை ஒட்டி வரும். வடகரையில் நிற்கும் ரிக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் கிடைத்துளை புறப்பட்டால் அது தஞ்சாவூர் மாவட்ட எல்லைக்குள் நுழைந்துவிடும். மண்டலத்தைச் சட்டம் மாவட்டம், ஒன்றியம் என்று மேற்பரப்பில் வரைந்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலும் அந்தக் கோடு செல்லுமா என்று அது சொல்லவில்லை. கிழக்கே கடலிலிருந்து கரையை நோக்கி வரும் துளைக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இதற்குப் பெரிய போராட்டம் தேவையில்லை, சில திருத்தங்கள் போதும். மண்டலத்துக்குள் என்றால் அதன் கீழுள்ள எல்லா ஆழமும் அடங்கும் என்று ஒரு விளக்கம் சட்டத்தில் சேர வேண்டும். அரியலூரின் கொள்ளிடக்கரை ஒன்றியங்களும் திருச்சியின் பாசனப் பகுதியும் பட்டியலுக்கு வர வேண்டும். நடந்துவரும் பணி என்பதற்கு, 2020இல் கிணறு எந்த அடுக்கிலிருந்து எடுத்ததோ அந்த அடுக்கு மட்டுமே என்று வரையறை வேண்டும். பக்கத்துளைக்கும் விரிசலுக்கும் விலக்கு இல்லை என்று எழுத வேண்டும். இயங்கும் ஒவ்வொரு கிணற்றின் ஆழமும் திசையும் அந்தந்த ஊராட்சியில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கூடவே, கிணறுகளைச் சுற்றியுள்ள கைப்பம்புகளின் நீரை இப்போதே சோதித்துப் பதிவு செய்துவைக்க வேண்டும். முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்குத் தாளில் சான்று இல்லாமல், பின்னால் கெட்டது என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. அந்தச் சோதனையை அரசுத் துறைகளுக்காகக் காத்திராமல் ஊராட்சிகளே கிராம சபைத் தீர்மானம் போட்டு, அருகிலுள்ள வேளாண் கல்லூரியின் ஆய்வகத்தைக் கொண்டு இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.